அப்டேட்டில் லை-க்குத் தும்பிக்கை முளைத்த கதை

லினக்ஸில் பெரிய அப்டேட் ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்ததும் "எழுத்தெல்லாம் என்னமோ மாதிரி இருக்கே" என்று தோன்றினால், தேடலில் முதலில் கிடைக்கிற நாலு வரியை எடுத்து டெர்மினலில் ஒட்டிவிடாதீர்கள். அந்த "என்னமோ மாதிரி"க்குள் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, வழக்கமாக வரும் எழுத்துரு போய் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்திருப்பது. இன்னொன்று, எழுத்துரு பழையதேதான், ஆனால் அதைத் திரையில் வரைகிற விதம் மாறிப்போயிருப்பது. இரண்டும் கண்ணுக்கு ஒரே எரிச்சலைத்தான் தரும். முன்னதுக்குப் பொறுப்பு, எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் ஃபான்ட்கான்ஃபிக். பின்னதுக்கு எழுத்தை வரையும் ஃப்ரீடைப், செயலிகளின் மெனு, பட்டன்களைக் கட்டும் ஜிடிகே, ஜன்னல்களைத் திரையில் கொண்டுவரும் வேலாண்ட் என்று ஒரு பட்டாளமே உண்டு. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் அவற்றைப் போட்டுப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு வேலை செய்கிறது, மீதிப் பேருக்கு இன்னும் மோசமாகிறது.

என் மடிக்கணினியில் இரண்டும் சேர்ந்தே வந்தன. டெபியன் வழி வந்த ஒரு டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு), ஒரு நீண்டகால ஆதரவுப் பதிப்பிலிருந்து அடுத்ததுக்குத் தாவியிருந்தேன். பிரவுசரில் தமிழ் செய்தித் தளங்களின் எழுத்து வடிவமே மாறியிருந்தது. கோப்பு மேலாளரிலும் அமைப்புகள் பக்கத்திலும் எழுத்து வெளிறி, மெலிந்து தெரிந்தது. அலுவலக அரட்டைச் செயலி மட்டும் கண்ணாடி போடாமல் பார்ப்பதுபோல மங்கலாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழில் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

எதையும் மாற்றுவதற்கு முன்னால் என்ன மாறியது என்று பாருங்கள். மென்பொருளை நிறுவ ஆப்ட் பயன்படுத்தும் டிஸ்ட்ரோக்களில் 'வார்' அடைவுக்குள் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அதில் ஹிஸ்டரி என்ற பதிவுக் கோப்பு இருக்கும். ஃபெடோரா என்றால் டிஎன்எஃப் ஹிஸ்டரி, ஆர்ச் என்றால் பேக்மேன் லாக். அதில் ஃபான்ட், ஃப்ரீடைப், ஜிடிகே, எழுத்துகளைச் சேர்த்து வரியில் அடுக்கும் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற பெயர்களைத் தேடினால் போதும். என் கோப்பில் விஷயம் பட்டவர்த்தனமாக இருந்தது. நான் வழக்கமாகப் பார்க்கும் நோட்டோ எழுத்துருக்கள் அடங்கிய பொதி (பேக்கேஜ்), இனி யாருக்கும் தேவையில்லை என்று தானாகவே நீக்கப்பட்டிருந்தது. அதே வேகத்தில் இந்திய மொழிகளுக்கான ஒரு கூட்டுப் பொதி வழியாக ஏழெட்டுத் தமிழ் எழுத்துருக்கள் கொத்தாக வந்து இறங்கியிருந்தன. அதில் ஒன்றுதான் லோஹித் தமிழ் கிளாசிக்கல்.

இந்த கிளாசிக்கல் சும்மா பெயருக்கு கிளாசிக்கல் இல்லை. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் அச்சில் இருந்த வடிவங்கள் அதில் இருக்கின்றன. ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வரிசைகள், அப்புறம் ணை, லை, ளை, னை என மொத்தம் 13 எழுத்துகள் அப்போது மாறின. பெரியார் 1935 வாக்கிலேயே தன் 'குடி அரசு' இதழில் இந்தப் புது வடிவங்களைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார், அரசாணையாக வர நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. பழைய லை, எழுத்தின் தலைமேல் யானைத் தும்பிக்கை வளைந்த மாதிரி இருக்கும். இந்த வரியில் உங்களுக்கு லை அப்படித்தான் தெரிகிறது என்றால், இந்தப் பதிவு உங்களுக்காகவே எழுதியது.

அப்பா பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "இது நாங்க பள்ளிக்கூடத்துல எழுதின லைடா, எதுக்குத் திரும்பக் கொண்டுவந்தாங்க?" என்றார்.

"யாரும் கொண்டுவரலைப்பா. அப்டேட்ல மாறிடுச்சு."

"நல்லாத்தானே இருக்கு. விடு."

அவருக்கு அது கோளாறாகவே படவில்லை. எனக்கு நியூஸ் படிக்க முடியவில்லை. பழக்கம்தான் எல்லாம்.

இதில் கவனிக்க வேண்டியது, எழுதப்பட்ட உரை எதுவும் மாறவில்லை. யுனிகோடைப் பொறுத்தவரை லை என்பது ல-வும் ஐகாரக் குறியும் அடுத்தடுத்து நிற்பது, அவ்வளவுதான். குறியை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பது ஹார்ஃப்பஸ். இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக, தும்பிக்கையோடு, மாற்றிக் கொடுப்பதும் கொடுக்காததும் எழுத்துருவுக்குள் இருக்கும் அட்டவணையின் வேலை. ஆகவே நீங்கள் அனுப்பும் மின்னஞ்சல் அடுத்தவருக்குப் பழைய எழுத்தில் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். அவருடைய கணினி எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிறதோ அந்த வடிவத்தில்தான் அவருக்குத் தெரியும்.

சரி, யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? ஃபான்ட்கான்ஃபிக். அதைக் கல்யாணத் தரகர் என்று வைத்துக்கொள்ளலாம். செயலி வந்து "சான்ஸ் வகை வேண்டும், தமிழ் தெரிந்திருக்க வேண்டும், ரொம்பத் தடிமனாக இருக்கக்கூடாது" என்று கேட்கும். தரகர் கையில் இருக்கிற ஜாதகங்களைப் பொருத்தம் பார்த்து வரிசைப்படுத்தி நீட்டுவார். கேட்டது அப்படியே இல்லாவிட்டாலும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார், ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார். நோட்டோ வீட்டைவிட்டுப் போனதும் நடந்தது அதுதான்.

தரகர் யாரைக் காட்டுகிறார் என்று பார்க்க எஃப்சி-மேட்ச் என்ற கட்டளை இருக்கிறது. 'சான்ஸ்-செரிஃப்' என்று கொடுத்து, ஒரு முக்காற்புள்ளி போட்டு, 'லாங்' சமம் 'டிஏ' என்று சேர்த்தால் தமிழுக்கு முதலில் வரும் எழுத்துருவைச் சொல்லும். பல பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. ஏனென்றால் நிறையத் தமிழ்த் தளங்கள் தங்கள் பக்கம் தமிழில் இருக்கிறது என்ற குறிப்பையே கொடுப்பதில்லை, சில தளங்கள் ஆங்கிலம் என்றே குறித்து வைத்திருக்கின்றன. உங்கள் கணினியின் மொழியும் இந்திய ஆங்கிலமாக இருக்கும்பட்சத்தில் பிரவுசர் தமிழ் என்று சொல்லிக் கேட்பதே இல்லை. ஆங்கிலத்துக்கான வரிசையை வாங்கிக்கொண்டு, அதில் க இருக்கிற எழுத்துரு எது என்று மேலிருந்து கீழே தேடுகிறது. அதனால் மொழிக்குப் பதில் எழுத்தையே வைத்துக் கேட்டுப் பாருங்கள்: 'லாங்' இருந்த இடத்தில் 'சார்செட்' சமம் 0பி95. அது க-வின் யுனிகோட் எண். என் மெஷினில் இரண்டு கேள்விக்கும் இரண்டு வெவ்வேறு பதில் வந்தது, ஒரே பிரவுசரில் ஒரு தளம் ஒழுங்காகவும் பக்கத்துத் தாவலில் இருக்கும் இன்னொரு தளம் தும்பிக்கையோடும் தெரிந்ததற்குக் காரணம் அதுவே.

பிரவுசருக்குள்ளேயே சரிபார்க்கவும் வழி உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் ஒரு சொல்லின் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போனால் ஃபான்ட்ஸ் என்று ஒரு தாவல் இருக்கும், அந்த இடத்தில் உண்மையில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்று காட்டும். குரோமில் கம்ப்யூட்டட் பகுதியின் அடியில் அதே தகவல் கிடைக்கும். ஊகத்துக்கு இடமே இல்லாத ஒரே இடம் இதுதான், அதனால் எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

இனி சரிசெய்வது. சுலபமான வழி, வேண்டாத எழுத்துருப் பொதியை நீக்கிவிட்டு நோட்டோவைத் திரும்ப நிறுவுவது. கூடவே ஆப்ட்-மார்க் மேனுவல் என்று கொடுத்து அதை நாமே கேட்டு நிறுவியதாகக் குறித்து வைத்தால், அடுத்த தடவை தானாக நீக்கும் பட்டியலில் அது சேராது. ஆனால் கூட்டுப் பொதி கிளாசிக்கலைத் தன்னோடு கட்டிப்போட்டிருந்தால் ஒன்றை நீக்கும்போது எல்லாம் போகும். அந்த மாதிரி நேரத்தில் உங்கள் வீட்டு அடைவில் 'கான்ஃபிக்', அதற்குள் 'ஃபான்ட்கான்ஃபிக்', அதில் 'ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப்' என்று ஒரு கோப்பு எழுதி, ரிஜெக்ட்ஃபான்ட் என்ற குறியின் கீழ் அந்த எழுத்துருவின் பெயரைப் போட்டுவிடலாம். பொதி அங்கேயே கிடக்கும், தரகர் மட்டும் அந்த ஜாதகத்தை யாரிடமும் காட்டமாட்டார்.

அதே கோப்பில் நமக்கு வேண்டிய வரிசையையும் எழுதிவிடுவது நல்லது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. "எனக்குத் தமிழ்தானே முக்கியம்" என்று சான்ஸ்-செரிஃபுக்கு விருப்பப் பட்டியலின் முதலிடத்தில் ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டால், தமிழ் நன்றாக வரும், ஆங்கிலம் கெட்டுப்போகும். மீரா இனிமை போன்றவற்றுக்குள் ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன, முதலிடம் கிடைத்தால் மெனு, பட்டன் எல்லாவற்றையும் அவையே எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலில் ஆங்கிலத்துக்குப் பிடித்த எழுத்துரு, தமிழே இல்லாத ஒன்று, இரண்டாவதாகத் தமிழ். நான் நோட்டோ சான்ஸ், அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ் என்று வைத்திருக்கிறேன். செரிஃபுக்கும் அதேபோல. எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வரும் மோனோஸ்பேஸுக்கு டேஜாவூ சான்ஸ் மோனோ, அடுத்து அதே நோட்டோ சான்ஸ் தமிழ். இப்படிப் பட்டியலாக எழுதினால் பக்கம் தன்னைத் தமிழ் என்று சொல்லிக்கொண்டாலும் சொல்லாவிட்டாலும் ஒரே எழுத்துருதான் வரும்.

கோப்பைச் சேமித்த பிறகு எஃப்சி-கேஷ் ஓட்டிவிட்டு, பிரவுசரை முழுக்க மூடித் திறக்க வேண்டும். ஒரு தாவலைப் புதுப்பித்துப் பார்த்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று சொல்லக் கூடாது. ஃபிளாட்பாக் வழியாக, அதாவது தனி வேலிக்குள் ஓடும்படி, நிறுவிய செயலிகள் கணினியில் இருக்கும் எழுத்துருக்களைப் பார்க்கும், ஆனால் நீங்கள் எழுதிய அந்தக் கோப்பைப் பார்க்காமல் போகலாம். ஃபிளாட்பாக் ஓவர்ரைடு கட்டளையால் அந்த அடைவைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தால் சரியாகிவிடும்.

எழுத்துரு திரும்பி வந்தாயிற்று. வெளிறல் போகவில்லை.

இதைப் பார்க்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து கிம்ப் என்ற படத் திருத்தியில் திறந்து 800 சதவீதம் பெரிதாக்குவது. எழுத்தின் ஓரங்களில் இளஞ்சிவப்பும் நீலமும் கலந்த பிக்சல்கள் தெரிந்தால் அது துணைப்பிக்சல் முறை. வெறும் சாம்பல் படிகள் மட்டும் தெரிந்தால் கிரேஸ்கேல். என் கணினியில் பழைய ஜிடிகே 3 செயலி ஒன்றில் வண்ண ஓரம் இருந்தது, புதிதாக ஜிடிகே 4-க்கு மாறிய கோப்பு மேலாளரில் சாம்பல் மட்டுமே. அப்டேட்டில் உண்மையில் நடந்தது இதுதான், நான் தினமும் திறக்கும் செயலிகள் ஒவ்வொன்றாக ஜிடிகே 4-க்குக் குடிபெயர்ந்துவிட்டன. ஜிடிகே 4 எழுத்துகளை கிராபிக்ஸ் சிப்பின் நினைவகத்தில் படங்களாக வைத்துக்கொண்டு அங்கேயே ஒட்டுகிறது, அந்த ஏற்பாட்டில் வண்ண ஓரத்துக்கு இடம் தரப்படவில்லை.

அதனால் என்ன என்று கேட்கலாம். ஆங்கிலத்துக்கு அவ்வளவாக ஒன்றுமில்லை. தமிழுக்கு இருக்கிறது, ண-வை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், படுக்கைவாட்டில். எல்சிடி திரையில் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று செங்குத்துப் பட்டைகள். துணைப்பிக்சல் முறை அந்தப் பட்டைகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி, படுக்கைவாட்டில் மட்டும் துல்லியத்தை ஏறக்குறைய மூன்று மடங்கு ஆக்குகிறது. ண-வுக்குத் துல்லியம் தேவைப்படுவது சரியாக அந்தத் திசையில்தான். அதை எடுத்துவிட்டால், 15.6 அங்குலத்தில் 1366-க்கு 768 பிக்சல் இருக்கிற, அதாவது அங்குலத்துக்கு நூறு பிக்சல் உள்ள திரையில், சின்ன எழுத்தில் சுழிகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை சாம்பலாகி, ண எது, ன எது என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோப்பு மேலாளரில் "மனம்", "மணம்" என்று இரண்டு கோப்புகளை உண்டாக்கி வைத்துப் பாருங்கள், சொல்வது புரியும். இந்த மாற்றத்தைப் பற்றிப் புலம்பியவர்களிடம் "நல்ல திரை வாங்குங்கள்" என்று பதில் சொல்வது எனக்கு உவப்பில்லை. அடர்த்தி கூடிய திரையில் இந்தப் பிரச்சினை தெரியாது என்பது உண்மை, ஆனால் நம் ஊரில் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் ஓடுகிற மெஷின்களில் நிறைய இந்த நூறு பிக்சல் ரகம்தான்.

வண்ண ஓரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்பதால் வேறு வழிகளைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அதிகம் பலன் கொடுத்தது ரொம்பச் சாதாரணமான ஒன்று: என் டெஸ்க்டாப்பான நோமின் ட்வீக்ஸ் செயலியில் எழுத்தின் அளவுக் காரணியை 1-லிருந்து 1.1 ஆக்கினேன். அந்தச் சின்ன ஏற்றத்திலேயே ண-வின் சுழிகளுக்குள் மூச்சு விட இடம் வந்துவிடுகிறது. எழுத்தின் கோடுகளைப் பிக்சல் கட்டத்தோடு ஒட்டவைக்கும் ஹின்டிங்கை 'ஸ்லைட்' என்பதில் விட்டேன். ஸ்லைட் என்றால் ஃப்ரீடைப் எழுத்தை மேல்கீழாக மட்டுமே பிக்சல் கட்டத்தோடு ஒட்டவைக்கும், அகலத்தைத் தொடாது. 'ஃபுல்' போட்டால் எழுத்து கறுப்பாக, கூர்மையாகத் தெரியும் என்று பல பழைய குறிப்புகள் சொல்லும். ஆங்கிலத்துக்கு, அதுவும் அதற்கென்றே கைவேலை செய்த எழுத்துருக்களுக்கு, அது பொருந்தலாம். ஆனால் 2016-ல் வந்த ஃப்ரீடைப் 2.7 முதலே இயல்பு நிலையில் படுக்கைவாட்டு ஒட்டல்களை அது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, ஆகவே அந்தக் காலத்து விளைவு இப்போது வராது. நண்பர்களின் கணினிகளில் வீட்டு அடைவில் இன்ஃபினாலிட்டி காலத்து அமைப்புக் கோப்பு ஒன்று அப்படியே கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஃப்ரீடைப்பின் மேல் போட்ட அந்த ஒட்டுத் திட்டமே (பேட்ச்) நின்றுபோய் வருடக்கணக்காகிறது. அந்த மாதிரிக் கோப்பு இருந்தால் முதலில் பெயரை மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, பிறகு திரையைப் பாருங்கள். பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும்.

எழுத்து மெலிந்து தெரிவதற்கு ஸ்டெம் டார்க்கனிங் என்றும் ஒன்று ஃப்ரீடைப்பில் இருக்கிறது. சிறிய அளவுகளில் கோடுகளைக் கொஞ்சம் தடிப்பாக்கும். இயல்பில் அணைத்தே வைத்திருப்பார்கள், ஃப்ரீடைப்_ப்ராப்பர்ட்டீஸ் என்ற சூழல் மாறியின் வழியாகத்தான் போட முடியும். போட்டுப் பார்த்தேன். தமிழ் கொஞ்சம் தேறியது, ஆங்கிலம் கொழுத்துப்போனது. எடுத்துவிட்டேன். உங்கள் திரையில் வேறு மாதிரி இருக்கலாம், ஒரு செயலியை மட்டும் டெர்மினலிலிருந்து அந்த மாறியோடு திறந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஜிடிகே 4 செயலிகளில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இல்லாமல் ஒட்டியும் விலகியும் தெரிகிறது என்றால் அதற்கு ஒரு தனிச் சாவி உண்டு. 'கான்ஃபிக்' அடைவில் 'ஜிடிகே-4.0', அதற்குள் செட்டிங்ஸ் கோப்பு, அதில் 'ஜிடிகே-ஹின்ட்-ஃபான்ட்-மெட்ரிக்ஸ்' சமம் 1. 4.16-லிருந்து கூடவே 'ஜிடிகே-ஃபான்ட்-ரெண்டரிங்' என்பதை 'மேனுவல்' ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தன் போக்கில் முடிவெடுக்கும். பாங்கோ 1.44-ல் 2019-லேயே இந்த இடைவெளிக் கதை தொடங்கிவிட்டது. அதே பதிப்பில்தான் புள்ளி புள்ளியாக வரைந்த பழைய பிட்மேப் எழுத்துருக்களுக்கும் கதவை மூடினார்கள், டெர்மினஸ் என்ற அந்த வகை எழுத்துருவைப் பயன்படுத்தியவர்கள் ஒரு காலையில் எழுந்து டெர்மினலில் வெறும் கட்டங்களைப் பார்த்தது அப்போதுதான். அவர்களுக்கு ஓப்பன்டைப் பிட்மேப் என்ற புது வடிவத்தில் அதே எழுத்துரு கிடைக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபான்ட்கான்ஃபிக் கோப்பில் ஹின்டிங்கை மாற்றியும் நோம் செயலிகளில் ஒன்றும் அசையவில்லை என்றால் குழம்ப வேண்டாம். ஹின்டிங், ஓரம் மழுப்பல் போன்றவற்றுக்கு ஜிடிகே செயலிகள் டெஸ்க்டாப்பின் அமைப்பைத்தான் முதலில் கேட்கும். உங்கள் டெஸ்க்டாப் கேடிஇ என்றால் அதன் எழுத்துரு அமைப்புப் பக்கம். ஃபான்ட்கான்ஃபிக் அங்கே சொல்வது, டெஸ்க்டாப் எதுவும் சொல்லாதபோதுதான் எடுபடும். எந்த எழுத்துரு என்ற தேர்வுக்கு மட்டும் எப்போதும் தரகர்தான்.

அரட்டைச் செயலியின் மங்கலுக்கு எழுத்துருவோடு சம்பந்தமே இல்லை. அப்டேட்டுக்குப் பிறகு அமர்வு எக்ஸ்11 என்ற பழைய திரை முறையிலிருந்து வேலாண்டுக்கு மாறியிருந்தது, திரையின் அளவு 125 சதவீதத்தில் இருந்தது. வேலாண்டில் நேரடியாக ஓடத் தெரியாத செயலிகள் எக்ஸ்வேலாண்ட் என்ற இடைவழியில் ஓடும். அவை 100 சதவீதத்தில் வரைந்து கொடுக்க, அந்தப் படத்தை ஒன்றேகால் மடங்கு இழுத்துத் திரையில் பூசுகிறார்கள். இழுத்த படம் மங்காமல் என்ன செய்யும். எந்தச் செயலி எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடிக்க எக்ஸ்ஐஸ் என்ற மிகப் பழைய விளையாட்டு நிரல் இன்றைக்கும் உதவுகிறது: இரண்டு கண்கள் சுட்டியைப் பின்தொடரும். சுட்டியைச் சந்தேகத்துக்குரிய ஜன்னலின் மேல் ஓட்டுங்கள். கண்கள் கூடவே உருண்டால் அது எக்ஸ்வேலாண்டில் ஓடுகிறது. அப்படியே நின்றுவிட்டால் அது வேலாண்ட் செயலி. இந்த விளையாட்டு வேண்டாம் என்பவர்களுக்கு எக்ஸ்எல்எஸ்கிளையன்ட்ஸ் கட்டளை பட்டியலாகவே கொடுக்கும்.

பிரவுசரையே உள்ளே வைத்துக் கட்டிய எலக்ட்ரான் வகைச் செயலிகளின் சற்றுப் பழைய பதிப்புகளைத் திறக்கும்போது 'ஓசோன்-பிளாட்ஃபார்ம்-ஹின்ட்' சமம் 'ஆட்டோ' என்று சேர்த்தால் பெரும்பாலும் வேலாண்டிலேயே ஓடத் தொடங்கிவிடும், எழுத்தும் தெளிந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸுக்கு 121-ஆம் பதிப்பிலிருந்து இந்தத் தொல்லை இல்லை, அது தானாகவே வேலாண்டில் ஓடுகிறது. நோம் 47-ல் எக்ஸ்வேலாண்ட் செயலிகளையே சொந்தமாகப் பெரிதாக வரையவிடும் ஒரு சோதனை வசதியும் வந்தது. இதில் எதுவும் முடியாத செயலி என்றால், திரையை 100 சதவீதத்தில் வைத்துவிட்டு எழுத்தின் அளவுக் காரணியை மட்டும் 1.25 ஆக்கிவிடுங்கள். ஐகான்கள் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், எழுத்து எங்கேயும் மங்காது. எனக்கு இது போதுமானதாக இருக்கிறது, அரட்டைச் செயலி வேலாண்டில் சில நேரம் ஸ்கிரீன் பகிர மறுப்பதால் அதை எக்ஸ்வேலாண்டிலேயே விட்டுவைத்திருக்கிறேன். ஆகவே மேலே சொன்ன 1.1-ஐ இப்போது 1.25 ஆக்கியாயிற்று. ண-வுக்கும் அது நல்லதுதான்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கும்போது எழுத்து கச்சிதமாக இருக்கிறது, ஆனால் வெளித் திரையில் மட்டும் சிவப்பு எழுத்தும் நீல எழுத்தும் கரைந்து வழிகிற மாதிரி தெரிகிறது என்றால் மென்பொருளில் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். எச்டிஎம்ஐ வழியாக ஆர்ஜிபிக்குப் பதில் நிறத் தகவலைப் பாதியாகக் குறைத்த சமிக்ஞை போய்க்கொண்டிருக்கலாம். டிவியைத் திரையாக வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். திரையின் மெனுவில் பிசி முறை என்று ஒன்று இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறுங்கள்.

பட்டனுக்குள் தமிழ் எழுதினால் புள்ளி மேலே வெட்டுப்படுகிறது, அல்லது தமிழ் இருக்கிற வரி மட்டும் உயரமாகிவிடுகிறது என்பது இன்னொரு வழக்கமான புகார். நோட்டோ சான்ஸ் தமிழின் மேல்கீழ் அளவுகள் தாராளமானவை. இடுக்கமான இடங்களுக்கென்றே நோட்டோ சான்ஸ் தமிழ் யூஐ என்று ஒரு வகை உண்டு. டெபியனில் அது தனிப் பொதி, பெயரில் 'யூஐ-கோர்' என்று இருக்கும். நிறுவிவிட்டு, மேலே சொன்ன விருப்பப் பட்டியலில் நோட்டோ சான்ஸ் தமிழுக்குப் பதிலாக அதைப் போடலாம். நான் போடவில்லை, எனக்குப் படிக்கிற நேரம்தான் அதிகம், வரி உயரமாக இருந்தால் கண்ணுக்கு இதம்.

டெர்மினலில் தமிழ் சிதறுவதை இந்த அப்டேட்டின் கணக்கில் சேர்க்க வேண்டாம். நோம் டெர்மினலின் அடியில் இருக்கும் விடிஇ, எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வைக்கிறது, குறிகளை முன்னுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை அதில் எப்போதும் ஒழுங்காக நடப்பதில்லை. கெ என்று தட்டினால் சில பதிப்புகளில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். எந்த எழுத்துருவை மாற்றினாலும் இது மாறாது. தமிழ்க் கோப்புப் பெயர்களைப் பார்க்க வேண்டும் என்றால் நான் கோப்பு மேலாளரைத் திறந்துகொள்கிறேன், தமிழ் உரையைத் தேட வேண்டும் என்றால் கிரெப் என்ற தேடல் கட்டளையின் விளைவை ஒரு கோப்பில் போட்டு எடிட்டரில் திறக்கிறேன்.